அறிவைப் பார்த்தபின் பிறப்பைப் பார்ப்பதா? அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் யோக்கியதை

அமெரிக்கா என்றால் நம்மில் அநேகருக்கு ஒரு மயக்கம் உண்டு. அங்கே மடமில்லை, மகந்தில்லை, பிறந்த குலத்தைக் கேட்பாரில்லை, மூளையும் உழைப்பும் உள்ளவன் எவனானாலும் முன்னுக்கு வந்துவிடலாம் என்பதாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். இதில் கொஞ்சம் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அந்த தேசத்தில் அன்னிய நாட்டு விஞ்ஞானிகள் நிரந்தரமாகக் குடியிருக்க மனுப்போடும் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்ப்போமானால், நம் ஊர் வருணாசிரமத்தின் வாடை அங்கேயும் அடிக்கின்றது என்று சொல்லத்தான் வேண்டியிருக்கின்றது.

"கப்பலேறிப் போய் டாலரில் சம்பளம் வாங்குகிறவர்கள் சங்கதி நமக்கெதற்கு? இங்கே தெருவில் நடக்கவும் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் முடியாமல் இருக்கிறவனைப் பற்றிப் பேசக்கூடாதா?" என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு மனிதனை அவன் பிறப்பைக் காட்டி வாசலில் நிறுத்துவது என்கின்ற அக்கிரமம், எந்த தேசத்தில் எந்த மனிதனுக்கு நடந்தாலும் அது நம்முடைய சங்கதியேயாகும். அன்றியும், இன்று அந்த வாசலில் நின்று புலம்புகிறவர்களில் பலர் நேற்றுவரை இங்கே "தகுதி, திறமை" என்று நமக்கு உபதேசம் செய்தவர்கள். அவர்கள் புலம்பலில் நமக்கு ஒரு பாடமும் இருக்கின்றது.

முதலில் சட்டம் என்னவென்று பார்ப்போம். 1990-ஆம் வருஷத்திய சட்டப்படி, வேலை, திறமை காரணமாகக் குடியேறுகிறவர்களுக்கென்று அமெரிக்க சர்க்கார் வருஷம் ஒன்றுக்கு 1,40,000 இடங்கள் ஒதுக்கியிருக்கின்றார்கள். இந்த இடங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கின்றார்கள். முதல் வகுப்பு, அசாதாரணத் திறமையுள்ளவர்களுக்கும், பேர்பெற்ற பேராசிரியர், ஆராய்ச்சிக்காரர்களுக்கும், பல தேசங்களில் கிளையுள்ள கம்பெனிகளின் மேலதிகாரிகளுக்கும். இரண்டாம் வகுப்பு, மேல்படிப்புப் படித்தவர்களுக்கு. இந்த இரண்டாம் வகுப்பிலேயே, ஒருவருடைய வேலையால் அமெரிக்க தேசத்துக்கே நன்மை உண்டு என்று ரூபித்தால், முதலாளி ஒருவன் கூப்பிட வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குக் கொடுப்பதும் உண்டு.

அசாதாரணத் திறமையை எப்படி அளக்கிறார்கள்? நோபெல் பரிசு போன்ற உலகமறிந்த பரிசு ஒன்று வாங்கியிருந்தால் போதும். இல்லாவிட்டால் பத்து அடையாளங்கள் சொல்லி, அவற்றில் மூன்றையாவது காட்டு என்கின்றார்கள். பரிசு பெற்றிருக்கிறாயா? பிறர் உன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்களா? பிறருடைய ஆராய்ச்சியைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல உன்னை அழைத்திருக்கிறார்களா? உன் துறையில் புதிதாக, முக்கியமாக ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாயா? கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறாயா? பேர்பெற்ற ஸ்தாபனத்தில் பொறுப்பான இடம் வகித்திருக்கிறாயா? இந்த மாதிரிக் கேள்விகள். இதற்காக விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான பக்கம் கட்டுக்கட்டாகத் தஸ்தாவேஜுகள் சேர்க்கின்றார்கள். தன் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாண்டார்கள் என்று எண்ணுகின்றார்கள். தன்னை நேரில் அறியாத பெரிய பேராசிரியர்களிடமிருந்துகூடச் சாட்சிக் கடிதம் வாங்குகின்றார்கள்.

இந்த உத்தியோகஸ்தர்கள் சட்டத்தில் இல்லாததையெல்லாம் கேட்பதும் உண்டு. அர்மீனியாவில் பிறந்த ஒரு பௌதிக விஞ்ஞானியின் வழக்கில், கட்டுரை எழுதியது போதாது, அதை மற்ற அறிஞர்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதையும் காட்டினால்தான் அதைக் கணக்கில் சேர்ப்போம் என்று இலாகா சொன்னது. அது சட்டத்தில் இல்லாத சேர்க்கை என்று 2010-இல் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டார் கண்டித்தார்கள். ஆனாலும் மூன்று அடையாளத்துக்கு அவரிடம் இரண்டே தேறிற்று என்று மனுவைத் தள்ளியது தள்ளியதுதான். அதற்குப் பிறகு இலாகா, முதலில் மூன்றா என்று எண்ணிப் பார்ப்பது, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது என்று இரண்டு சோதனையாக வைத்துக் கொண்டது.

இந்தச் சோதனையில் குற்றங்குறைகள் இருக்கலாம். விருது என்ற பெயரால் காசுக்கு மெடல் விற்கிற கடைகள் இதனால் முளைத்திருப்பதும் மெய்தான். ஆனாலும் சோதனை வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் அதில் நமக்கு ஒரு திருப்திகூட உண்டு. ஏனெனில் அந்தப் பத்துக் கேள்விகளில் உன் கோத்திரம் என்ன, உன் நட்சத்திரம் என்ன, உன் பாட்டன் பூணூல் போட்டிருந்தானா என்கின்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. என்ன செய்தாய், அதற்கு என்ன ருஜு என்பதுதான் கேள்வி. அந்த மட்டுக்கும் அது பகுத்தறிவேயாகும்.

நிற்க. இவ்வளவு சோதித்து, "ஆம், இவர் அசாதாரணத் திறமைசாலிதான்" என்று சர்க்காரே முத்திரை குத்திய பிறகு என்ன நடக்கின்றது என்பதில்தான் வேடிக்கை இருக்கின்றது. "சரி ஐயா, உங்கள் அறிவை ஒப்புக்கொண்டோம். நீர் எங்கே பிறந்தீர்?" என்று கேட்கின்றார்கள்! எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7 இடத்துக்குமேல் இல்லை என்பது சட்டம். முதல் வகுப்புக்கு உள்ள சுமார் 40,000 இடத்தில் ஒரு தேசத்தின் பங்கு ஏறக்குறைய 2,800. அதுவும் விஞ்ஞானிகள் 2,800 பேர் என்று நினைத்து விடாதீர்கள். அவர்களுடைய மனைவி மக்களையும் தலைக்கு ஒன்றாக எண்ணித்தான் 2,800. நூற்று நாற்பது கோடி ஜனங்கள் உள்ள இந்தியாவுக்கும் 2,800. நம் ஜில்லா ஒன்றின் ஜனத்தொகைகூட இல்லாத, நாலு லட்சம்பேர் உள்ள ஐஸ்லாந்துக்கும் 2,800.

இதன் பலன் என்ன? 2025-ஆம் வருஷத்து மத்தியில் அமெரிக்க வெளிநாட்டு இலாகாவார் மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்தால், மற்றப் பெரும்பாலான தேசத்தாருக்கு முதல் வகுப்பில் காத்திருப்பே கிடையாது. இந்தியாவில் பிறந்தவருக்கோ, 2022 பிப்ரவரி மத்திக்கு முன் மனுப் போட்டவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. இரண்டாம் வகுப்பில் 2013-ஆம் வருஷத் துவக்கம்! பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தும் வாசல் திறக்கவில்லை என்பது இதன் அர்த்தம். சீனாவில் பிறந்தவர்களுக்கும் தனி வரிசை உண்டு. மற்றவர்கள் சாப்பிட்டு மிச்சமானால் இந்த வரிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் பரிமாறுவதும் சட்டத்தில் இருக்கின்றது. முதல் பந்தி ஒரு ஜாதிக்கு, கடைசிப் பந்தியில் மிச்சம் மற்ற ஜாதிக்கு என்பது நமக்குத் தெரியாத சமையலா?

இதில் பிறப்பு என்பது எவ்வளவு மூடத்தனமாகக் கணக்கிடப்படுகின்றது என்பதையும் பாருங்கள். அவர்கள் கேட்பது ஒருவர் எந்த நாட்டின் பிரஜை என்பதையல்ல, எந்த மண்ணில் பிறந்தார் என்பதையே. இந்தியாவில் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடாவுக்குப் போய், அங்கேயே வளர்ந்து, படித்து, அந்நாட்டுப் பிரஜையுமாகிவிட்ட ஒருவர் மனுப் போட்டாலும் அவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். மதம் மாறலாம், பெயர் மாறலாம், பாஷை மாறலாம், பிரஜா உரிமையே மாறலாம். பிறந்த இடம் மட்டும் மாறாது! ஜாதிக்கு மனு எழுதி வைத்த இலக்கணமும் இதுதானே?

லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் இடையே சுமார் முப்பது மைல். 1947-இல் ஒரு வெள்ளைக்காரர் தேசப்படத்தில் கிழித்த கோடு ஒன்று நடுவே போகின்றது. இன்று லாகூரில் பிறந்தவர் பாகிஸ்தான் கணக்கில் சேர்ந்து, முதல் வகுப்பில் காத்திராமல் உள்ளே போகலாம். அமிர்தசரசில் பிறந்தவர், அதே பாஷை பேசி, அதே கோதுமை ரொட்டி தின்று, அதே ஆராய்ச்சியைச் செய்திருந்தாலும், வருஷக்கணக்கில் வெளியே நிற்க வேண்டும். நோபெல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் 1910-இல் பிறந்தது லாகூரில்தான். அவர் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தவர். அதற்காக அவர் அறிவை நாம் ஒரு குன்றிமணியும் குறைத்துச் சொல்லமாட்டோம். அவர் இன்று உயிரோடிருந்து மனுப் போட்டால், நட்சத்திரங்களைப் பற்றி அவர் கண்டுபிடித்ததற்காக அல்ல, தகப்பனார் உத்தியோக நிமித்தமாக லாகூரில் இருந்த காலத்தில் பிறந்தார் என்ற காரணத்துக்காகவே அவருக்குக் குறுகிய வரிசை கிடைத்திருக்கும்! இதைவிட ஜாதகம் பார்ப்பதற்கு வேறு என்ன அர்த்தம்?

இன்னொரு வேடிக்கை. மனைவியோ புருஷனோ வேறு தேசத்தில் பிறந்தவராக இருந்தால், அவர் பிறந்த தேசத்தின் கணக்கில் இருவரும் போகலாம் என்று சட்டம் சொல்லுகின்றது. அதாவது கலப்பு மணம் செய்தால் பிறவித் தோஷம் நீங்கும்! நம் நாட்டில் ஜாதி ஒழியக் கலப்பு மணம் செய்யுங்கள் என்று நாம் சொன்னபோது, குலம் கெடும் என்று காதைப் பொத்தியவர்கள் இந்தப் பிரிவை வக்கீல் ஆபீசில் காது குளிரக் கேட்டுக் கொள்ளுகிறார்கள்.

இந்தப் பிறவி வரிசை திடீரென்று 1990-இல் முளைத்ததல்ல. 1917-இல் ஆசியாவின் பெரும்பாகத்தையே தடுக்கப்பட்ட மண்டலம் என்று கோடுபோட்டு, இந்தியர்கள் வரவே கூடாது என்றார்கள். 1946-இல் மனமிரங்கி வருஷத்துக்கு 100 இந்தியர் வரலாம், பிரஜையும் ஆகலாம் என்றார்கள். சந்திரசேகர் 1937-லேயே சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். அவர் பிரஜையானது 1953-இல். 1965-இல்தான் தேசவாரியாக வெள்ளையருக்குச் சாதகமாகப் பிரித்த பழைய பங்கீடு ஒழிந்து, தேசத்துக்கு இவ்வளவு என்ற சம அளவு வந்தது. அன்று அது ஒரு சீர்திருத்தம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காலைக் கட்டிய சங்கிலியைக் கழற்றிக் கையில் பூட்டினால் அது விடுதலையாகி விடாது.

இந்தச் சரித்திரத்தில் நம்மவர் நடந்துகொண்ட யோக்கியதையையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் மகா யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தவர், பிரஜா உரிமை கேட்டார். அந்தக் காலத்தில் வெள்ளையருக்கும், ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும்தான் அந்த உரிமை. "மனிதன் என்பதால் கொடு" என்று அவர் தரப்பில் கேட்டார்களா? இல்லை. தாம் உயர்ந்த ஜாதி ஆரியர், ஆகவே வெள்ளையர், இந்நாட்டின் பூர்வகுடிகளை இழிவாகக் கருதும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று வாதாடினார்கள்! 1923-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஆரியராக இருக்கலாம், ஆனால் சாதாரண ஜனங்கள் அறிந்த வெள்ளையர் நீர் அல்ல என்று கதவைச் சாத்திற்று. அதை வைத்து, முன்பே பிரஜையாகியிருந்த பல இந்தியருடைய உரிமையையும் பிடுங்கினார்கள். கீழே இருப்பவனை மிதிக்கிற உரிமையைக் காட்டி மேலே இருப்பவனிடம் இடம் கேட்டால், மேலே இருப்பவன் அதே காலால் நம்மையும் மிதிப்பான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இனி, ஒரு கேள்விக்கு நாம் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும். "தேசவாரிப் பங்கு கூடாதென்றால் வகுப்புவாரி உரிமை மட்டும் ஏன்? நூற்றுக்கு இவ்வளவு என்று நீங்களும்தானே கேட்கிறீர்கள்?" என்று சில மேல்ஜாதிப் புத்திசாலிகள் மடக்குவார்கள். மடக்கட்டும். வகுப்புவாரி உரிமை என்பது, பிறப்பின் பேரால் ஆயிரம் வருஷமாகப் பூட்டி வைத்த கதவைத் திறப்பதற்காக ஏற்பட்டது. ஏகபோகமாக அனுபவித்து வந்த ஒரு சிறு கூட்டத்தின் பிடியைத் தளர்த்தி, பெருவாரியான ஜனங்களுக்கு அவர்கள் எண்ணிக்கையை ஒட்டிப் பங்கு கொடுப்பது. 1928-இல் முத்தையா முதலியார் காலத்தில் அமலுக்கு வந்ததும், 1951-இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியபின் அந்த வருஷமே அரசியல் சட்டத்தை முதல் தடவையாகத் திருத்திக் காப்பாற்றியதும் அந்த நியாயத்தினால்தான். அமெரிக்கத் தேசவாரிப் பங்கோ, ஜனத்தொகையையும் பார்ப்பதில்லை. மனுச் செய்தவர்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதில்லை. முன்னால் யார் அடைக்கப்பட்டார்கள் என்பதையும் பார்ப்பதில்லை. பார்க்கப்போனால், 1917 முதல் அடைக்கப்பட்ட ஆசியாக்காரனைத்தான் இன்றும் அதிகமாக அடைக்கின்றது. ஒன்று பூட்டைத் திறக்கிற சாவி. மற்றொன்று புதிதாகப் பூட்டிய பூட்டு. இரண்டும் இரும்பால் செய்தது என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

காத்திருப்பவர்கள் கதியைப் பாருங்கள். அவர்களில் பலர் ஒரு முதலாளியின் தயவில் தற்காலிக விசாவில் இருப்பவர்கள். வேலை போனால் சாதாரணமாக 60 நாள் தவணை. அதற்குள் வேறு இடம் தேடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். ஏழு வயதில் அங்கே போன பிள்ளை, தகப்பன் வரிசையில் நிற்கும்போதே 21 வயதைத் தாண்டினால், சட்டம் கழித்துக் கொடுக்கும் சில நாட்கள் போக, தகப்பன் மனுவிலிருந்து கீழே விழுந்துவிடுகின்றது. வியாதிக்கு மருந்து தேடுகிற மூளை, தன் பிள்ளையின் வயதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றது. இதனால் அமெரிக்காவுக்குத்தான் என்ன லாபம்?

ஆனால் பணத்துக்கு மட்டும் வழி உண்டு. 2024 கணக்குப்படி 2,805 டாலர் அதிகமாகக் கட்டினால், மனுவுக்கு வாரக்கணக்கில் பதில் சொல்லுவார்கள். கோயிலில் விசேஷ தரிசனச் சீட்டு மாதிரி! ஆனால் இது அர்ச்சகர் பதிலைத்தான் துரிதப்படுத்தும், பிறவி வரிசையைக் குறைக்காது. இதற்கும் மேலே, 2025 செப்டம்பரில் ஜனாதிபதி டிரம்ப் ஒரு உத்தரவு பிறப்பித்தார். பத்து லட்சம் டாலர் சர்க்காருக்கு நன்கொடை கொடுத்தால், அந்த நன்கொடையையே அசாதாரணத் திறமைக்கும், தேச நன்மைக்கும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இருபது வருஷம் ஆராய்ச்சிச்சாலையில் கண்விழித்தவன் பத்துக் கேள்விக்கு நூறு பக்கம் சாட்சி காட்டவேண்டும். பணப்பையை அவிழ்த்தவனுக்குப் பையே சாட்சி! பாவம் செய்தவன் புரோகிதனுக்குப் பசுவைத் தானம் கொடுத்துப் புண்ணியவானாகிற சாஸ்திரத்தை நாம் ஊர் ஊராகச் சிரித்தோம். வாஷிங்டனிலும் அந்தச் சாஸ்திரம் அரங்கேறியிருக்கின்றது.

நம்மவர்கள் இதற்கு என்ன செய்கின்றார்கள்? ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் ஒரு பாலாஜி கோயில் இருக்கின்றது. "விசா பாலாஜி" என்றே பெயர். விசா வேண்டி 11 சுற்று, கிடைத்தபின் 108 சுற்று. சுற்றுகிறவர்களில் இயந்திர சாஸ்திரமும் கணித சாஸ்திரமும் படித்தவர்கள் எத்தனை பேர்! கேட்கின்றோம்: அந்த சாமிக்கு விசா கொடுக்கிற சக்தி இருந்தால், உலகத்திலேயே நீண்ட வரிசை இந்த நாட்டுக்காரனுக்கு ஏன்? எந்தச் சாமியையும் பதினோரு சுற்றுச் சுற்றாத ஐஸ்லாந்துக்காரனுக்கு உடனே கிடைக்கின்றதே, அது எந்தச் சாமியின் அருள்? 7 என்ற எண் சட்டத்தில் இருக்கின்றது. சட்டத்தை மனிதன் எழுதினான். மனிதன்தான் மாற்ற வேண்டும். 2019-இல் அந்நாட்டுக் கீழ்ச் சபை இந்த எல்லையை எடுத்துவிட 365-க்கு 65 என்று வோட்டுச் செய்தது. 2020-இல் மேல் சபை வேறு விதமாகத் திருத்தி நிறைவேற்றியது. இரண்டும் ஒத்துப்போகாமல் மசோதா செத்துப்போயிற்று. சுற்ற வேண்டியது கோயிலையல்ல, சட்டசபையை என்பதற்கு இது போதாதா?

கடைசியாக ஒரு வார்த்தை. பிறப்பைப் பார்க்காதே என்று அமெரிக்க வாசலில் கூவுகிறவர்கள், அந்த வாசலுக்கு உள்ளே போனதும் என்ன செய்கின்றார்கள்? 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, அமெரிக்காவிலேயே முதல் நகரமாக, ஜாதியைக் காட்டி வேற்றுமை செய்வதைச் சட்டத்தால் தடுத்தது. அங்கே ஜாதி போகாமலிருந்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன வேலை? அதே வருஷம் காலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய ஜாதித் தடை மசோதாவைச் சில ஹிந்து அமைப்புகள் எதிர்த்துப் பிரசாரம் செய்தன. அக்டோபரில் கவர்னர் அதைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். தான் பிறந்த தேசத்தைக் கேட்டால் அநியாயம். அடுத்தவன் பிறந்த ஜாதியைத் தான் கேட்டால் ஆசாரமா?

ஆகவே தோழர்களே! நாம் சொல்வது இரண்டே. அமெரிக்க சர்க்காருக்குச் சொல்வது: அறிவை அளப்பதானால் அளவுங்கள், அளந்தபின் முன் மனுவுக்கு முன் இடம், பின் மனுவுக்குப் பின் இடம் என்று ஒரே வரிசை வையுங்கள், மண்ணைக் கேட்காதீர்கள், பணப்பையையும் கேட்காதீர்கள். வரிசையில் நிற்கும் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்குச் சொல்வது: உங்கள் குறை நியாயமானது, அதற்காக நாமும் உங்களோடு சேர்ந்து கேட்கத் தயார். ஆனால் பிறப்பால் வரிசை கூடாது என்பதை வாஷிங்டனுக்கு மட்டும் சொல்லிவிட்டு, கும்பகோணத்துக்கு வந்ததும் மறந்துவிடாதீர்கள். பன்னிரண்டு வருஷம் நின்றதற்கே உங்களுக்கு இவ்வளவு வலிக்கின்றதே, தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நின்றவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை அந்த வரிசையில் நிற்கும்போதாவது எண்ணிப் பாருங்கள்.